ஆங்கிலத்தின் சிறு சொற்களும் எமது மாணவர்களும்

பரீட்சை ஒத்திவைக்கப்படுவதற்கும் இரத்துச் செய்யப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நாட்டு மாணவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடைபெறவிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சை, கொவிட் பெருந்தொற்றினால் ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாடு காரணமாக மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஆனால், இத்தகைய செய்தியை ஒருவர் ஆங்கிலத்தில் வாய்மொழியாகச் சொல்லக் கேட்கும்போது எமது மாணவர்களுள் எத்தனை பேர் அதனைச் சரியாக விளங்கிக்கொள்வர்? பரீட்சை ‘புட் ஓஃப்’ செய்யப்பட்டது என்றால் அது பிறிதொரு நாளில் நடைபெறும். மாணவர் தொடர்ந்து படிக்க வேண்டும். ‘கோல் ஓஃப்’ செய்யப்பட்டது என்றால் நடைபெறவே மாட்டாது. ‘புட்’ என்றால் வைத்தல், ‘கோல்’ என்றால் அழைத்தல் என்று மனனம் செய்த மாணவருக்கு இரண்டுமே பிடிபடுவதில்லை.

ஓர் எளிய வினைச்சொல்லுடன் ‘இன்’, ‘அவுட்’, ‘அப்’, ‘ஓஃப்’ போன்ற சிறு சொல் ஒன்று சேர்ந்து, இரண்டிற்கும் தனித்தனியே இல்லாத புதுப் பொருளைத் தருமாயின் அதனை ‘ஃபிரேசல் வேர்ப்’ என்பர். தமிழில் தொடர்வினை எனலாம். இவற்றால் இடர்ப்படுவோர் நாம் மட்டுமல்லர். 1755 ஆம் ஆண்டு தமது புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், அந்நிய நாட்டவர்க்கு ஆங்கிலத்தில் மிகுந்த இடர்ப்பாட்டைத் தருவது இவ்வகை வினைகளே என அதன் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அதன் வழியாகவும் இலத்தீனிலிருந்து நேரடியாகவும் பெருந்தொகையான சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தன. ‘சப்மிட்’, ‘போஸ்ட்போன்’, ‘கென்சல்’ முதலியன இவ்வழி வந்தவை. வீட்டிலும் வயலிலும் புழங்கிய பழைய ஆங்கிலச் சொற்களோ சேர்ந்தும் பிரிந்தும் தொடர்வினைகளாகப் பெருகின. ஆகவே, ஒரே செயலுக்கு எழுத்தில் ஒரு சொல்லும் பேச்சில் வேறொரு சொல்லும் என்ற நிலை உருவாயிற்று. எழுத்தில் ‘சப்மிட்’ என்பது பேச்சில் ‘ஹேண்ட் இன்’ ஆகின்றது. மீட்டல் செய்வதை ‘ரிவைஸ்’ என்று எழுதுவோர், பேசும்போது ‘கோ ஓவர்’ என்றும் சொல்வர். மறந்துபோன பாடத்தைத் தூசி தட்டிப் புதுப்பிப்பது ‘பிரஷ் அப்’. பரீட்சையில் சித்தியடைவது ‘கெட் த்ரூ’. படிப்பை இடைநடுவில் விட்டு விலகுவது ‘ட்ரொப் அவுட்’. எழுதுவது ஒரு தமிழ், பேசுவது இன்னொரு தமிழ் என்று வாழ்ந்து பழகிய எமக்கு இந்த இரட்டை நிலை புதிதாகத் தோன்றக் கூடாது.

எமது மாணவர்களின் நிலை என்ன? அவர்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் எழுத்து ஆங்கிலத்தையே. பெரிய சொற்கள் தெரியும். சிறிய சொற்கள் தெரியா. இந்தக் குறை பாடசாலைக் காலத்தில் வெளியே தெரிவதில்லை. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தபோதிலும், அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளியில் சேர்க்கப்படுவதில்லை. எனவே அதனை எவரும் பொருட்படுத்துவதுமில்லை. உயிரியலையும் இணைந்த கணிதத்தையும் தமிழில் கற்றுச் சிறப்புச் சித்தி பெற்ற மாணவர், மருத்துவ பீடத்திலோ பொறியியல் பீடத்திலோ கால் வைத்த முதல் வாரத்திலேயே இக்குறையை உணர்கின்றார். விரிவுரையின் கலைச்சொற்கள் அவரை அவ்வளவாக வருத்துவதில்லை. அவற்றிற்கு நூல் உண்டு, அகராதி உண்டு. விரிவுரை முடிந்து, கதவை நோக்கி நடந்தவாறே விரிவுரையாளர் கூறும் கடைசி இரு வாக்கியங்களே அவரை வருத்துகின்றன. ஒப்படையை வெள்ளிக்கிழமைக்கு முன் ‘ஹேண்ட் இன்’ செய்யுங்கள், பெயர்ப் பட்டியலில் ‘சைன் அப்’ செய்யுங்கள், பின்தங்கியவர்கள் வார இறுதியில் ‘கட்ச் அப்’ செய்யுங்கள் என்பன அவை. அருகிலிருப்பவரிடம் கேட்க வெட்கப்பட்டு, ஒப்படைக்கு உரிய புள்ளிகளை இழந்த மாணவர்களை நாம் அறிவோம்.

இச்சொற்களை எவ்வாறு கற்பது? தனியார் வகுப்புகளில் நூறு தொடர்வினைகளும் எதிரே தமிழ்ப் பொருளுமாக அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகின்றனர். ‘கெட்’ என்ற சொல்லின் கீழ் இருபது, ‘டேக்’ என்ற சொல்லின் கீழ் இருபது என அவை அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றுபோல் ஒலிப்பவற்றை ஒருசேர மனனம் செய்தால் ஒன்றோடொன்று கலந்துபோகும் என்பதை அத்தாளைப் படித்த எவரும் அறிவர். இம்முறையை நாம் ஏற்பதற்கில்லை.

எமது தாய்மொழியிலேயே இதற்கு ஒரு வாயில் இருக்கின்றது. ‘விட்டுக்கொடுத்தல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதில் விடுதலும் உண்டு, கொடுத்தலும் உண்டு. ஆனால் பொருளோ இணங்கிப் போதல். ஆங்கிலத்தின் ‘கிவ் இன்’ என்பதும் அதுவே. அங்கும் கொடுத்தல் இருக்கின்றது. ‘தள்ளிப்போடுதல்’ என்பதில் நாம் எதனையும் கையால் தள்ளுவதில்லை, எங்கும் போடுவதுமில்லை. ‘புட் ஓஃப்’ என்பதன் கட்டமைப்பும் அத்தகையதே. ‘கையளித்தல்’ என்பதில் கை இருப்பதைப் போலவே ‘ஹேண்ட் இன்’ என்பதிலும் கை இருக்கின்றது. ‘பின்தங்குதல்’ என்பதும் ‘ஃபோல் பிஹைண்ட்’ என்பதும் பின் என்ற சொல்லையே கொண்டுள்ளன. ‘கைவிடுதல்’ என்ற சொல்லைக் கையையும் விடுதலையும் கூட்டிப் பார்த்து நாம் கற்கவில்லை. வீட்டிலும் வீதியிலும் பிறர் சொல்லக் கேட்டு முழுச் சொல்லாகவே ஏற்றுக்கொண்டோம். ‘கிவ் அப்’ என்பதையும் அவ்வாறே ஏற்க வேண்டும்.

எல்லாத் தொடர்வினைக்கும் இத்தகைய இணை கிடைக்கும் என நாம் கூற வரவில்லை. தமிழிலிருந்து வருவோர் வழுக்கி விழும் இடமொன்றும் உண்டு. ‘அதனை’ என்ற சுட்டுப்பெயர் வரும்போது, அது வினைக்கும் சிறு சொல்லுக்கும் நடுவிலேயே நிற்க வேண்டும். ‘ஹேண்ட் இட் இன்’ என்பதே சரி. ‘ஹேண்ட் இன் இட்’ என்பது பிழை. பராமரித்தல் எனப் பொருள்படும் ‘லுக் ஆஃப்டர்’ போன்ற சில பிரிக்க முடியாதவை. அவற்றில் சுட்டுப்பெயர் இறுதியிலேயே வரும். ஒலிப்பிலும் ஒரு குறிப்பு உண்டு. ‘ஹேண்டிட்டின்’ என மூன்றும் ஒரே மூச்சில் வரும்போது அழுத்தம் இறுதிச் சிறு சொல்லிலேயே விழுகின்றது. எமது காதுகளோ முதற்சொல்லைப் பற்றிக்கொண்டு இறுதிச் சொல்லைத் தவற விடுகின்றன. செவிமடுக்கும்போது கடைசி அசையைக் கவனிக்குமாறு ஆசிரியர்கள் பழக்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

உள்ளூர் வழக்கினால் விளையும் குழப்பமும் சொல்லத்தக்கது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வெளியேறுவதை இங்கே ‘பாஸ் அவுட்’ என்கின்றோம். பொலிஸ், இராணுவப் பயிற்சி முடிந்து வெளியேறும் அணிவகுப்புக்கு இங்கிலாந்திலும் அச்சொல் உண்டு. ஆனால், பட்டதாரி ஒருவர் வெளிநாட்டு நேர்முகப் பரீட்சையில் தாம் 2019 இல் ‘பாஸ் அவுட்’ ஆனதாகக் கூறினால், அவர் அவ்வாண்டில் மயங்கி விழுந்தார் என்றே கேட்பவர் நினைக்கக்கூடும். ‘டியூசன்’ என்பது எமக்கு மாலை நேர வகுப்பு. அமெரிக்கருக்கு அது கல்லூரிக் கட்டணம். விடுமுறைக்காகப் பாடசாலை மூடப்படுவதைப் பிரித்தானியர் ‘பிரேக் அப்’ என்பர். முஸ்லிம் பாடசாலைகள் நோன்புகால விடுமுறைக்கு மூடப்படுவதையும் அச்சொல்லாலேயே கூறலாம். எதுவும் உடைந்துவிட்டதாகக் கலங்க வேண்டியதில்லை.

ஓய்வு நேரம் பற்றிய சொற்களுக்கு வருவோம். பாடசாலையைக் குறிக்கும் ‘ஸ்கூல்’ என்ற சொல், ஓய்வு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அதிகாலை வகுப்பு, பாடசாலை, மாலை வகுப்பு என ஓடும் எமது பிள்ளைகளிடம் இதனைச் சொன்னால் நகைப்பர். ‘எனது பொழுதுபோக்கு’ என்ற ஆங்கிலக் கட்டுரையில் முத்திரை சேகரிப்பதாக எழுதும் மாணவர்களுள் பலர் ஒரு முத்திரையையும் சேர்த்தவர்கள் அல்லர். அப்பிள்ளை மாலையில் உண்மையில் செய்வதைச் சொல்ல வேறு சொற்கள் வேண்டும். புதிதாக ஒரு விளையாட்டையோ கலையையோ தொடங்குவது ‘டேக் அப்’, உடற்பயிற்சி செய்வது ‘வேர்க் அவுட்’, நண்பர்களுடன் வெறுமனே பொழுதைக் கழிப்பது ‘ஹேங் அவுட்’, கடையில் உண்பது ‘ஈட் அவுட்’.

இவை பரீட்சைக்கு வேண்டாதவை எனச் சில பெற்றோர் கருதக்கூடும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. இணைப்பு என்பது விரிவுரை மண்டபத்தில் நிகழ்வதில்லை. பேராதனையிலோ மொறட்டுவையிலோ ஒரே விடுதியில் தங்கும் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் மாலையில் தேநீருக்குச் செல்லலாமா என ஒருவரையொருவர் கேட்கும்போதே நிகழ்கின்றது. அந்த ஆங்கிலம் முழுவதும் சிறு சொற்களாலானது. அது இல்லாதபோது அவரவர் தத்தம் மொழிக்காரரின் அறையிலேயே நான்கு ஆண்டுகளையும் கழித்துவிட்டு வெளியேறுகின்றனர்.

மைதானத்தில் மட்டும் எமது சிறுவர்கள் எவரிடமும் கேட்காமலே இவற்றைக் கற்றுக்கொண்டுள்ளனர். ‘வோர்ம் அப்’, ‘நொக் அவுட்’ ஆகியவற்றின் பொருளைக் கல்முனையிலோ வவுனியாவிலோ பந்து பொறுக்கும் சிறுவனும் சொல்வான். மழை வலுத்து, நடுவர்கள் கைகுலுக்கிக்கொண்டு அரங்கை விட்டு வெளியேறும் வேளையில், போட்டி ‘கோல் ஓஃப்’ என வர்ணனையாளர் கூறியதும் அவன் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்துவிடுகின்றான். அந்தப் போட்டி இனி நடைபெறாது என்பது அவனுக்குத் தெரியும்.