ஒரு பேரிங்கின் விலை

உள்விட்டம் 20 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 47. அகலம் 14. பேரிங் கடையில் இந்த அளவுக்கு 6204 என்று பெயர். கோயம்புத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் செய்பவர்களுக்கு இந்த எண் மனப்பாடம். சிறிய மோட்டார்களிலும் வாஷிங் மெஷின்களிலும் சுழல்வது இதுதான். தேய்ந்தால் மோட்டார் முனகும். சில நூறு ரூபாய்க்குப் புதியது வாங்கி அன்றைக்கே மாற்றிவிடலாம்.

இதே அளவில் ஒரு பேரிங், 2000-க்குப் பிறகு 2005 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டர், போர்ஷே 911 கார்கள் பெரும்பாலானவற்றின் இன்ஜினுக்குள் இருக்கிறது. அது தேய்வது பெரும்பாலும் வெளியே கேட்பதில்லை. அதற்கென்று டேஷ்போர்டில் விளக்கும் இல்லை.

911 முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது 1963-இல். அடுத்த 34 ஆண்டுகள் அதன் இன்ஜினைக் காற்றுதான் குளிர்வித்தது. 1990-களின் தொடக்கத்தில் கம்பெனியின் விற்பனை சரிந்து, அது திவாலின் விளிம்புவரை போனது. புதிய தலைவர் வெண்டலின் வீடெக்கிங் ஜப்பானிய உற்பத்தி வல்லுநர்களை அழைத்துவந்து செலவைக் குறைத்தார். 1996-இல் பாக்ஸ்டர் வந்தது. 1997-இல் 996 என்ற உள்பெயருடன் புதிய 911. இரண்டுக்கும் முன்பக்கம் ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் தண்ணீரால் குளிரும் எம்96 என்ற புதிய இன்ஜின் குடும்பம். 996 மட்டும் சுமார் 1,75,000 கார்கள் தயாராயின. கம்பெனி பிழைத்தது. அந்தக் கார்கள்தான் இன்று உலகமெங்கும் மலிவு விலை 911-ஆக விற்பனைக்கு நிற்கின்றன.

எம்96 இன்ஜினில் ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த நிலையில் இருக்கின்றன. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளுக்குக் கிராங்க் தண்டு நேரடியாகச் சுழற்சி தருவதில்லை. நடுவில் இன்னொரு தண்டு இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ஐஎம்எஸ் என்பார்கள். இடைத்தண்டு என்று பொருள். கிராங்க் ஒரு செயினால் இடைத்தண்டைச் சுழற்றுகிறது. இடைத்தண்டு வேறு செயின்களால் இரு பக்கத்துக் கேம்களையும் சுழற்றுகிறது. இந்தத் தண்டின் ஒரு முனை ஆயில் பம்பில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஆயிலுக்குக் குறைவில்லை. கிளட்ச் பக்கமுள்ள மறுமுனையைத் தாங்குவது பால் பேரிங். உள்ளே கிரீஸ் அடைத்து, இருபுறமும் ரப்பர் சீல் போட்டு மூடப்பட்டது. ஆயுள் முழுவதும் அந்தக் கிரீஸ் போதும் என்பது கணக்கு.

அந்த பேரிங் சூடான ஆயிலுக்கு நடுவில் சுழல்கிறது. வருடங்கள் போகப்போக ரப்பர் சீல் இறுகுகிறது. ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்து வெளியேற்றுகிறது. ஆனால் அரைகுறையாக நிற்கும் சீல், உள்ளே போன ஆயிலை எளிதில் திரும்ப விடுவதில்லை. பழைய ஆயிலில் ஈரம் இருக்கும், எரியாத பெட்ரோல் இருக்கும், அமிலம் இருக்கும். பந்துகளிலும் அவை ஓடும் தடத்திலும் குழி விழுகிறது. குழி விழுந்த பேரிங் ஆடும். அது ஆடினால் தண்டு நகரும். தண்டு நகர்ந்தால் செயின் தளர்ந்து ஒரு பல் தாவும். வால்வு மூடவேண்டிய நொடியில் திறந்திருக்கும்; மேலே வரும் பிஸ்டன் அதில் மோதும். பேரிங்கின் இரும்புத் தூள் ஆயிலோடு கலந்து மற்ற பேரிங்குகளுக்கும் போய்ச்சேர்ந்திருக்கும். முதல் கட்டத்துக்குப் பல வருடங்கள் ஆகலாம். கடைசிக் கட்டம் சில நொடிகளில் முடிந்துவிடலாம்.

போர்ஷே இந்த பேரிங்கைத் தனி உதிரிபாகமாக விற்கவில்லை. பாகப் பட்டியலில் தண்டு முழுதாகத்தான் இருந்தது. மாற்றவேண்டிய பொருளாகவே அது கருதப்படாததால், இத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்ற கெடுவும் இல்லை.

வடிவம் மூன்று. முதல் சில ஆண்டுகளில் இரட்டை வரிசைப் பந்துகள் கொண்ட பேரிங். 2000, 2001-இல் அது ஒற்றை வரிசைக்கு மாறியது. 2005-2006 வாக்கில் அளவு பெரிதானது. 2009 மாடலுடன் வந்த புதிய இன்ஜினில் இடைத்தண்டே இல்லை.

அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டுவழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கை ஒட்டி வெளிவந்த எண்கள்: இரட்டை வரிசை பேரிங்கில் பழுது 100-க்கு ஒன்றுக்கும் குறைவு, ஒற்றை வரிசையில் 100-க்குச் சுமார் 8. அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு காருக்கு ஒன்று. 2013-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2001 மே 4-க்கும் 2005 பிப்ரவரி 21-க்கும் இடையில் தயாரான கார்களுக்கு மட்டும் அது பொருந்தும். முதல் விற்பனையிலிருந்து 10 ஆண்டு அல்லது 1,30,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை. தொழிற்சாலையை விட்டு வந்த வருடமே விற்ற கடைசிக் காருக்கும் கெடு 2015-இல் தீர்ந்துவிட்டது.

எட்டு சதவீதம் என்பது, அந்தக் கார்கள் சுமார் எட்டிலிருந்து பன்னிரண்டு வயது ஆகியிருந்தபோது தெரிந்த எண். இன்று அவற்றில் ஒன்றுகூட இருபது வயதுக்குக் கீழே இல்லை. சீல் ரப்பருக்கும் அதே வயது.

இனி விலை. 1999-இல் 911 கரேரா அமெரிக்காவில் புதிதாகச் சுமார் 65,000 டாலர். 2010-களின் தொடக்கத்தில் அதே கார் 20,000 டாலருக்கும் கீழே கிடைத்தது. பாக்ஸ்டர் 10,000-க்கும் கீழே. பழைய காரின் விலை இறங்கியதே தவிர, உதிரிபாகத்தின் விலையும் கூலியும் இறங்கவில்லை. அவை 65,000 டாலர் காருக்கு நிர்ணயிக்கப்பட்டவை. பேரிங் போய் இன்ஜின் உடைந்தால், மாற்று இன்ஜினுக்கு 15,000 முதல் 20,000 டாலர். பல கார்களுக்கு அதுதான் முழுக் காரின் விலையும். அப்படிப்பட்ட கார் ரிப்பேர் ஆவதில்லை. கதவு, சீட், கியர்பாக்ஸ் என்று பிரிந்து உதிரியாக விலைபோகிறது.

முன்கூட்டியே பேரிங்கை மாற்றலாம். கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் இறக்கவேண்டும். கேம்களையும் கிராங்கையும் அசையாமல் பூட்டவேண்டும். அதனால் கிளட்ச் மாற்றும்போதே இதையும் செய்துவிடுவது வழக்கம். அமெரிக்கத் தனியார் பட்டறைகளில் மொத்தச் செலவு சுமார் 2,000 முதல் 3,000 டாலர். 2006-க்குப் பிந்தைய பெரிய பேரிங்கை இப்படி எடுக்க முடியாது; அது வெளியேவரும் துளையைவிடப் பெரியது. இன்ஜினை இரண்டாகப் பிளந்தால்தான் வரும். அது பலமானது, பழுதும் குறைவு என்பது அதற்கான சமாதானம். பெரும்பாலும் உண்மைதான்.

2000, 2001 மாடல்களில் எந்த வகை உள்ளே இருக்கிறது என்பதைக் கழற்றிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. இடையில் இன்ஜின் மாற்றிய காராக இருந்தால், மாடல் ஆண்டை வைத்து எதையுமே சொல்ல முடியாது.

பழைய கார் வாங்குபவர்கள் முதலில் தேடுவது குறைந்த ஓட்டம். இந்தக் காரில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. தினமும் நீண்ட தூரம் ஓடி, அடிக்கடி ஆயில் மாற்றிய கார்களில் இந்தப் பழுது குறைவு என்பது இவற்றையே பிரித்துக் கோக்கும் பட்டறைக்காரர்களின் அனுபவம். நன்கு சூடாகி ஓடும் இன்ஜினில் ஈரம் ஆவியாகிவிடும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி, போர்வை போர்த்தி நிறுத்திய காரில் ஈரம் ஆயிலிலேயே தங்கும். அக்கால அமெரிக்கக் கையேட்டில் ஆயில் மாற்றும் இடைவெளி 15,000 மைல், சுமார் 24,000 கிலோமீட்டர். வருடத்துக்கு 2,000 மைல் ஓட்டுபவர் மைல் கணக்கை மட்டும் பார்த்தால், ஒரே ஆயிலில் ஏழு வருடம் போகலாம். பட்டறைக்காரர்கள் இப்போது சொல்வது 5,000 மைல், அல்லது வருடம் ஒருமுறையாவது.

நின்றபடியே வயதாகும் பொருள் பேரிங் சீல் மட்டுமல்ல. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும்; 1804 என்றால் 2004-இன் 18-ஆம் வாரம். 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடி ஒன்று கம்பத்திலும் மரங்களிலும் மோதி எரிந்தது. நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டியவரும் இறந்தார்கள். வேகம் மணிக்கு 80-லிருந்து 93 மைல் என்றும், அதுவே காரணம் என்றும் விசாரணை முடிவுசெய்தது. சாலையின் வரம்பு 45 மைல். அதே விசாரணை இன்னொன்றையும் குறித்தது: டயர்களுக்கு ஒன்பது வயது.

பேரிங் சரியாக இருந்தாலும் எம்96, அதற்குப் பின்வந்த எம்97 இன்ஜின்களில் இன்னொரு நோய் உண்டு. சிலிண்டர் சுவர் சிலிக்கான் கலந்த அலுமினியம். பிஸ்டனின் பக்கப் பூச்சு தேய்ந்துபோனால் அலுமினியமும் அலுமினியமும் உரசி, சுவரில் நீளக் கோடுகள் விழும். 3.4, 3.6, 3.8 லிட்டர் இன்ஜின்களிலும், குளிர்ப் பிரதேசங்களிலும் இது அதிகம். அடையாளங்கள்: ஆயில் குறைவது, ஒரு பக்கம் மட்டும் டிக் டிக் என்ற சத்தம், இரண்டு புகைக்குழாய்களில் ஒன்று மட்டும் கரி பிடிப்பது. விற்பவர் புகைக்குழாயைத் துடைத்துவைக்க இரண்டு நிமிடம் போதும். உறுதிசெய்ய, பிளக் துளை வழியாகச் சிறிய கேமரா விட்டுப் பார்க்கவேண்டும். சில கோடுகள் கீழிருந்து, ஆயில் தொட்டியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். சரிசெய்ய இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதிய சிலிண்டர் உறைகள் போடவேண்டும். பிரிட்டனில் இதற்கு 10,000 பவுண்டுக்கு மேல் ஆகும்.

சில்லறைச் செலவுகள் தனி. தண்ணீர் பம்பின் பிளாஸ்டிக் விசிறி உடைந்து துண்டுகள் குழாய்களில் சிக்கும். முன் பம்பருக்குள் உள்ள ரேடியேட்டர்களில் சருகு சேர்ந்து, ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். கூலன்ட் தொட்டி வெடிக்கும். ஆயில் ஆவியைப் பிரிக்கும் டப்பா கிழிந்தால் காருக்குப் பின்னால் வெள்ளைப் புகை மேகமாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் சில நூறிலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் டாலர்.

வாங்குபவருக்குச் சாதகமான சாட்சி ஒன்று காரிலேயே இருக்கிறது. 2000-க்குப் பிந்தைய பெரும்பாலான இன்ஜின் கணினிகள் இன்ஜின் ஓடிய மொத்த மணிநேரத்தைப் பதிந்துவைக்கின்றன. ஓட்டமானியை அந்த எண்ணால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். சாதாரணப் பயன்பாட்டில் அது மணிக்கு 40-லிருந்து 60 கிலோமீட்டருக்குள் வரும். ஓட்டமானி 60,000 கிலோமீட்டர், கணினி 3,500 மணிநேரம் என்று காட்டினால் சராசரி 17. அந்தக் கார் வாழ்நாள் முழுவதும் நெரிசலில் நின்றிருக்கவேண்டும். அல்லது ஓட்டமானி திருத்தப்பட்டிருக்கவேண்டும்.

அதே கணினி, இன்ஜின் வரம்பு மீறிச் சுழன்றதையும் எத்தனையாவது மணியில் என்பதோடு குறித்துக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தி வரம்பைத் தாண்ட முடியாது, கணினி தடுத்துவிடும். ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்குப் பதில் இரண்டைப் போட்டால் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். அதைத் தடுக்க எதுவும் இல்லை. சரியான கருவி உள்ள பட்டறையில் இந்தப் பதிவைப் படிக்கச் சில நிமிடங்களே ஆகும். படிக்க விடாத விற்பனையாளர்களும் உண்டு.

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பதும் வழக்கம். மடிப்புகளில் மினுக்கும் இரும்புத் துகளோ கருப்பு ரப்பர் துணுக்கோ இருந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. எதுவும் இல்லையென்றால், அந்த ஃபில்டர் மாட்டப்பட்ட நாளிலிருந்து வெட்டிய நாள் வரை எதுவும் வரவில்லை என்று மட்டும் பொருள்.

இப்போது விற்பனைக்கு வரும் 996 கார்கள் பலவற்றின் விளம்பரத்தில் ‘ஐஎம்எஸ் மாற்றியாகிவிட்டது’ என்ற வரி இருக்கிறது. கூடவே ரசீதும் இருக்கும். ரசீதில் தேதியைப் பாருங்கள். மாற்றுச் சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை, பந்துகள் செராமிக்கில் ஆனாலும், பால் பேரிங்குகளே. கம்பெனி தன் பேரிங்குக்கு வைக்காத கெடுவை, அவற்றைத் தயாரிப்பவர்கள் தங்கள் பேரிங்குக்கு வைத்திருக்கிறார்கள்: இத்தனை மைல் அல்லது இத்தனை வருடம், பிறகு மறுபடி மாற்றவேண்டும். அந்த ரசீதுகளில் பல 2012-ஐ ஒட்டியவை.