முறித்து நட்டால் வளரும் பவளம்



மரவள்ளிக் குச்சியை முறித்து மண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இதனைச் சொல்லித் தரவேண்டுவதில்லை. கடலுக்குள்ளும் அவ்வாறு முறித்து நடத்தக்க ஓர் உயிர் உண்டு. அதுவே பவளம்.

பவளம் வெறுங்கல் அன்று, செடியும் அன்று. மிகச் சிறிய உயிர்கள் பல்லாயிரம் ஒன்றுகூடி, கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைக் கொண்டு கட்டிய வீடு அது. இலங்கைத் தமிழர் அதனை முருகைக்கல் என்பர். அச்சிற்றுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, கதிரவன் ஒளியால் உணவு ஆக்கித் தருகின்றன. ஆதலால் பவளத்திற்குத் தெளிந்த நீர் வேண்டும். நம் புக்கிட் தம்பூன் கரையில் சேறும் கலங்கலுமே தென்படும். பவளம் காண விரும்புவோர் வடக்கே கெடா மாநிலத்துப் பாயார் தீவுக்குச் செல்லவேண்டும்.

கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பிப் பவளம் வளர்ப்போரும் உளர். அவர்கள் கையுறை அணிந்து, கூரிய குறட்டினால் விரல் நீளத் துண்டொன்றை நறுக்குவர். அடிப்பகுதியின் ஈரத்தை ஒற்றி எடுத்து, களிம்புபோல் கெட்டியான சூப்பர் குளுவை இட்டு, சிறு சிமெண்டு வில்லையின்மேல் அழுத்திப் பிடிப்பர். அப்பசை ஈரம் பட்டால் இறுகும் இயல்புடையது. ஆகவே நீருக்குள்ளும் பிடித்துக்கொள்ளும்.

இதில் தலையாயது அசையாமையே. ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டிய நம் பெரியவர்கள் இதனை நன்கறிவர். கட்டுத் தளர்ந்தால் மொட்டுக் காய்ந்துவிடும். பவளத் துண்டும் ஆடிக்கொண்டிருந்தால் அடிப்பாகம் தேய்ந்து மடியும். அசையாதிருப்பின், சில வாரங்களில் தன் தசையைப் பசையின்மீதே படரவிட்டு, வேரூன்றியதுபோல் பற்றிக்கொள்ளும்.

நம் முன்னோர் பிறந்த தமிழகத்தின் கடலிலும் இப்பணி நடைபெறுகின்றது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளைப் பல்லாண்டுகளாக வெட்டியெடுத்துச் சுண்ணாம்புச் சூளைகளுக்கும் கட்டடங்களுக்கும் பயன்படுத்தினர். வயிற்றுப்பாட்டுக்காக மூழ்கியவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் தீவுகளின் அரண் போயிற்று. அலைகள் நேரே வந்து மோதின. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மறைந்தன. 2001 இல் இந்திய அரசு பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் சேர்த்தது. ஆகவே அங்குக் கடலிலிருந்து அதனை எடுப்பது குற்றமாகும்.

2002 முதல் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், அழிந்த இடங்களில் பவளம் நட்டு வருகின்றனர். கடலில் பசையைவிடக் கட்டே கைகொடுக்கிறது. நலமாக உள்ள பவளத்திலிருந்து எடுத்த துண்டுகளைச் சிறு சிமெண்டுப் பலகைகளில் நைலான் கயிற்றால் கட்டி, கடலடியில் கான்கிரீட் சட்டங்களின்மேல் வைக்கின்றனர். மான்கொம்புபோல் கிளைக்கும் இனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 செண்டிமீட்டர் வளரும். பாறைபோல் உருண்டு திரளும் இனமோ 1 செண்டிமீட்டர் அளவே வளரும். முறிப்பதற்கும் எளிது, வளர்ச்சியும் விரைவு என்பதால் கிளைப்பவளத்தையே மிகுதியாக நடுகின்றனர்.

ஆனால், கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் உள்ளிருக்கும் பாசிகள் நீங்கிவிட, பவளம் வெளுத்துப் பட்டினியால் வாடும். 2010 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலும் மன்னார் வளைகுடாவில் அவ்வாறு நேர்ந்தது. 2016 இல் பெரிதும் மடிந்தவை விரைந்து வளரும் கிளைப்பவளங்களே. மெல்ல வளரும் உருண்டைப் பவளமோ பெரும்பாலும் தாங்கி நின்றது.