எம்.எஸ். வீட்டுக்கு ஏன் 'கல்கி' என்று பெயர்?

எங்கள் மேச்சேரியில் புதுவீடு கட்டினால் வாசலில் 'பத்ரகாளியம்மன் துணை' என்று எழுதுவார்கள். இல்லாவிட்டால் அம்மா பெயரில் ஓர் இல்லம். சம்பாதித்துக் கட்டியவருக்குப் பிடித்த பெயர்தானே வீட்டுக்கு வரும்?

இசையரசி எம்.எஸ்.சுப்புலட்சுமி பல ஆண்டுகள் வாழ்ந்த சென்னை கீழ்ப்பாக்கம் பங்களாவின் பெயர் 'கல்கி கார்டன்ஸ்'. பெயரில் ராகமும் இல்லை, வீணையும் இல்லை. அது ஒரு வாரப் பத்திரிகையின் பெயர்!

1941-ல் எம்.எஸ்ஸின் கணவர் சதாசிவமும் எழுத்தாளர் கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகை தொடங்க நினைத்தார்கள். கிருஷ்ணமூர்த்தியின் புனைபெயரே 'கல்கி'. பெயர் தயார், பணம்தான் வேண்டும். அதற்காகவே 'சாவித்திரி' படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டார் எம்.எஸ். சாவித்திரி வேடம் சாந்தா ஆப்தேவுக்கு. எம்.எஸ்ஸுக்கு ஆண் வேடம், நாரதர்! கையில் தம்புராவோடு அவர் பாடி நடித்துக் கிடைத்த பணம் பத்திரிகைக்கு முதலானது. பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தது அந்தப் பத்திரிகையில்தான்.

ஆக, பங்களாவுக்கு வைத்தது கணவருடைய நண்பரின் பெயர் என்று பார்த்தால், அதற்கு அடியில் இருப்பது எம்.எஸ்ஸின் பாட்டு. எனக்கென்னவோ இதை யாராவது அந்த வாசலிலேயே எழுதி வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டு. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1957-ல், 22 வயதில், மெம்ஃபிஸ் நகரில் வாங்கிய மாளிகை 'கிரேஸ்லேண்ட்'. கிரேஸ் அவருடைய அம்மாவும் இல்லை, காதலியும் இல்லை. அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரருடைய மகள்! எல்விஸ் பெயரை மாற்றவில்லை. இன்று அது அருங்காட்சியகம்.

கல்கி கார்டன்ஸுக்கு அந்த யோகம் இல்லை. 1970-களின் பிற்பகுதியில் பத்திரிகைக்கு நெருக்கடி, மேலே கடன். தோட்டமும் வீடும் கைவிட்டுப் போயின. கச்சேரிப் பணத்தைக் கோயில்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வாரிக் கொடுத்தவர் வாடகை வீட்டுக்குப் போனார். திருப்பதி தேவஸ்தானம் அவர்களுக்குக் கைகொடுக்க நினைத்தது. சும்மா கொடுத்தால் வாங்கமாட்டார்களே! அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் பாடித் தரும்படி கேட்டது. 60 வயதைத் தாண்டிய எம்.எஸ். புதிதாகப் பாடம் பண்ணிப் பாடினார். நம் வீடுகளில் காலையில் ஒலித்த 'பாலாஜி பஞ்சரத்னமாலா' வந்த கதை இது.

கடைசியாக அவர்கள் குடியிருந்த கோட்டூர்புரம் வீட்டின் பெயர் 'சிவம் சுபம்'. சதாசிவத்தின் 'சிவம்' காதில் விழுகிறது, பக்கத்திலேயே சுப்புலட்சுமியும் கேட்கிறார். 1997-ல் சதாசிவம் மறைந்தபின் எம்.எஸ். மேடை ஏறவில்லை. 2004 டிசம்பர் 11 அன்று அவரும் மறைந்தார்.

அவர் பெயருக்கு முன்னால் இருந்த இரண்டு எழுத்துகள் மட்டும் கடைசிவரை மாறவில்லை. 'எம்' மதுரை. 'எஸ்' வீணை வாசித்த அம்மா, சண்முகவடிவு.