டிவிடி ரைட்டரைச் சோதிப்பது எப்படி: வேகம் ஒன்று, தரம் வேறு

2010-ல் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை பாடிய நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் ஒரு சின்ன ரெக்கார்டரில் பிடித்து வந்தேன். ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுருக்காத ஒலிக்கோப்பாக வைத்ததால் ஒரு டிவிடி கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரே உட்காரலில் இரண்டு டிவிடி போட்டேன். வேகம் 16 எக்ஸ். இரண்டு முறையும் வெற்றிகரமாக முடிந்தது என்று திரையில் வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை, அசலை அழித்துவிட்டேன்.

ஆறு வருஷம் கழித்து, அத்தை போன பிறகு, வேறொரு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் கடைசி மூன்று ஃபைல் திறக்கவில்லை. சரி, இன்னொரு காப்பி இருக்கே என்று அதைப் போட்டேன். அதுவும் கிட்டத்தட்ட அதே இடத்தில் திக்கியது. இரண்டு காப்பி எடுத்தும் இப்படியா என்ற எரிச்சலில்தான் ரைட்டரைச் சோதிப்பது எப்படி என்று படிக்க ஆரம்பித்தேன். அப்போது எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை.

16 எக்ஸ் என்றால் என்ன?

டிவிடியில் 1 எக்ஸ் என்பது நொடிக்கு சுமார் 1.385 மெகாபைட். சிடியில் 1 எக்ஸ் என்பது 150 கிலோபைட்தான், ப்ளூ-ரேயில் 4.5 மெகாபைட். ஆக, சிடி டிரைவின் 52 எக்ஸையும் டிவிடி டிரைவின் 16 எக்ஸையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது.

4.7 ஜிபி டிவிடியை 1 எக்ஸில் எழுதினால் ஏறக்குறைய 56 நிமிடம் ஆகும். அப்படியானால் 16 எக்ஸில் மூன்றரை நிமிடத்தில் முடியணும் இல்லையா? முடியாது. நல்ல டிரைவிலும் ஐந்தரை, ஆறு நிமிடம் ஆகும். டிரைவில் கோளாறு ஒன்றும் இல்லை, தட்டு வட்டமாக இருப்பதுதான் காரணம்.

டிவிடியில் எழுத்து உள்ளிருந்து வெளியே போகிறது. மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. உள்வட்டத்தில் 16 எக்ஸ் வேண்டுமென்றால் தட்டு நிமிடத்துக்கு 22,000 தடவை சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் தட்டு அதைத் தாங்காது. அதனால் டிரைவ் சுழற்சியை 9,000 சொச்சத்தில் நிலையாக வைத்துக்கொள்கிறது. உள்ளே அது 6.6 எக்ஸாக இருக்கும். வெளியே போகப்போக ஏறி, கடைசி விளிம்பில்தான் 16 எக்ஸைத் தொடும். சராசரி பார்த்தால் 11 எக்ஸ்தான் வருகிறது. அந்த விளிம்பில் தட்டு ஓடும் வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர்! லேசர் அந்த ஓட்டத்தில்தான் சாயப்படலத்தைச் சுட்டுக் குறி வைக்க வேண்டும்.

8 எக்ஸில் அதே டிவிடி எட்டு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். 16 எக்ஸ் போட்டு நாம் மிச்சம் பிடிப்பது இரண்டு மூன்று நிமிடம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

வேகத்தைச் சோதிப்பது

முதல் விதி: தட்டு முழுவதும் எழுதணும். ஒரு ஜிபி எழுதிவிட்டு வேகம் பார்த்தால் உள்வட்ட வேகம் மட்டும்தான் தெரியும்.

நீரோ டிஸ்க்ஸ்பீட் போன்ற மென்பொருள் எழுதும்போதே வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும். நிலையான சுழற்சியில் எழுதும் டிரைவ் என்றால் கோடு சீராக மேலே ஏறும். சில டிரைவ்கள் வேகத்தை மண்டலம் மண்டலமாக மாற்றும், அப்போது கோடு படிக்கட்டு மாதிரி இருக்கும். இரண்டும் சரிதான். கவனிக்க வேண்டியது நடுநடுவே விழும் பள்ளங்களை.

பள்ளம் விழ இரண்டு காரணம் உண்டு. ஒன்று, டிரைவ் தானாகவே வேகத்தைக் குறைத்து லேசர் சக்தியைச் சரிபார்த்துக்கொள்வது. இன்னொன்று, கணினியிலிருந்து தரவு வந்து சேராமல் டிரைவ் காத்திருப்பது. ரைட்டரின் உள் நினைவகம் பொதுவாக 2 மெகாபைட். 16 எக்ஸில் நொடிக்கு 22 மெகாபைட் ஓடுகிறது. ஆக, அந்தக் கையிருப்பு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குக்கூடத் தாங்காது. 2000-ல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-ப்ரூஃப் போன்ற உத்திகள் வரும் முன்னால் இந்தக் கையிருப்பு தீர்ந்தால் டிஸ்க் குப்பைக்குத்தான். இப்போது எழுத்தை நிறுத்தி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆனால் நேரம் போகும்.

எனவே டிரைவைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். பழைய ஐடிஇ கணினிகளில் திரும்பத் திரும்பப் பிழை வந்தால் விண்டோஸ் எக்ஸ்பி தானாகவே டிஎம்ஏ-வை விட்டு பிஐஓ-வுக்கு இறங்கிவிடும். அதன் உச்சமே நொடிக்கு 16.6 மெகாபைட். அங்கே 16 எக்ஸ் எங்கிருந்து வரும்? லேப்டாப்பின் மெல்லிய டிரைவ்களில் பெரும்பாலும் 8 எக்ஸ்தான் உச்சம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிஸ்க்கை வீணாக்காமல் வேகம் மட்டும் பார்க்க வேண்டுமா? டிவிடி மைனஸ் ஆர் தட்டில் ஒத்திகை வசதி உண்டு. லேசர் சுடாமலேயே முழு ஓட்டமும் ஓடும். பிளஸ் ஆர் தட்டில் அது கிடையாது. ஆனால் ஒத்திகையால் தரம் பற்றி ஒன்றும் தெரியாது.

தரத்தைச் சோதிப்பது

"வெற்றிகரமாக முடிந்தது" என்றால் எழுத வேண்டியதை அனுப்பி முடித்தாச்சு என்று மட்டும்தான் அர்த்தம். எழுத்து எவ்வளவு தெளிவாக விழுந்தது என்பது தனிக் கதை.

எந்த டிவிடியும் பிழை இல்லாமல் இருக்காது. அதைத் தெரிந்துதான் வடிவமைத்திருக்கிறார்கள். பழைய கணக்குப் பேரேட்டில் குறுக்குக் கூட்டு, நெடுக்குக் கூட்டு இரண்டும் போடுவார்கள் இல்லையா? அது மாதிரி, 32 கிலோபைட் தரவை ஒரு கட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் 10 பைட்டும், ஒவ்வொரு நெடுக்குப் பத்திக்கும் 16 பைட்டும் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் இருவரும் 1960-ல் வெளியிட்ட முறைதான் இதற்கு அடிப்படை. ஒரு வரிசையில் ஐந்து பைட் வரை தவறானாலும் குறுக்குக் கூட்டே சரிசெய்துவிடும். அதற்கு மேல் போனால் அந்த வரிசை தோற்றது. அப்போது நெடுக்குக் கூட்டு கைகொடுக்கும். அதுவும் முடியாவிட்டால்தான் ஃபைல் போச்சு.

சோதனையில் வரும் எண்கள் இவற்றைத்தான் சொல்கின்றன. பிஐஇ என்பது பிழை இருந்த வரிசைகளின் எண்ணிக்கை. தொடர்ச்சியான எட்டுக் கட்டங்களில் 280-க்குள் இருக்கணும் என்பது தரநிலை. பிஐஎஃப் என்பது தோற்ற வரிசைகள். ஒரு கட்டத்துக்கு 4 வரை அனுமதி. நெடுக்குக் கூட்டும் தோற்பதுதான் பிஓஎஃப், அது பூஜ்யமாகத்தான் இருக்கணும். சிடியில் கணக்கு வேறு: சி1 நொடிக்குச் சராசரி 220-க்குள், சி2 பூஜ்யம்.

இந்த எண்களை எல்லா டிரைவும் வெளியே சொல்லாது. லைட்-ஆன், பென்க்யூ, பிளெக்ஸ்டர் டிரைவ்கள் சொல்லும் என்பதால்தான் ஆர்வலர்கள் அவற்றைத் தேடிப் பிடிப்பார்கள். லினக்ஸில் க்யூபிஎக்ஸ்டூல் உதவும். ஒரு எச்சரிக்கை: வீட்டு டிரைவ் ஆய்வகக் கருவி ஆகாது. ஒரே டிஸ்க் இரண்டு டிரைவில் இரண்டு எண் காட்டும். ஒப்பிடுவதானால் ஒரே டிரைவ், ஒரே வாசிப்பு வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட டிரைவ் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. எழுதிய டிஸ்க்கை எழுதாத இன்னொரு டிரைவில் போட்டு முழுவதும் வாசிக்க விட்டு வேகக் கோட்டைப் பாருங்கள். எங்கே கோடு தொய்கிறதோ அங்கே டிரைவ் திணறுகிறது. எழுதிய டிரைவ் தன் கையெழுத்தை எப்படியாவது படித்துவிடும். அடுத்தவர் படிக்க முடிகிறதா என்பதே சோதனை.

நான் பார்த்தது

ஒரு பழைய லைட்-ஆன் டிரைவ் தேடி வாங்கி, 2010-ல் பயன்படுத்திய அதே ரைட்டரில் புது டிஸ்க்குகளை 4, 8, 12, 16 எக்ஸ் என்று நான்கு வேகத்தில் எழுதிப் பார்த்தேன். 16 எக்ஸ் டிஸ்க் முக்கால் பங்கு வரை அமைதியாக இருந்தது. வெளி விளிம்புக்கு வந்ததும் பிஐஎஃப் எகிறியது. அத்தையின் கடைசிப் பாட்டுகள் இருந்ததும் அந்த விளிம்பில்தான். 8 எக்ஸ் டிஸ்க் கடைசி வரை சீராக இருந்தது.

நான் எதிர்பார்க்காதது 4 எக்ஸ். மெதுவாக எழுதினால் நல்லது என்றுதானே நினைப்போம்? அது 8 எக்ஸை விட மோசமாக வந்தது. 16 எக்ஸுக்கென்று தயாரித்த சாயப்படலம் வேகமான, குறுகிய துடிப்புகளுக்கு ஏற்ப அமைந்தது. டிரைவும் டிஸ்க்கில் பதிந்திருக்கும் தயாரிப்பாளர் குறியீட்டைப் படித்து, அதற்கென்று தன்னிடம் உள்ள குறிப்பின்படிதான் லேசரைத் துடிக்கவிடும். மிக மெதுவான வேகத்துக்கு அந்தக் குறிப்பு நன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அட்டைப்பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே வேறு குறியீடு இருக்கலாம். அதனால் ஒவ்வொரு புதுக் கட்டிலும் ஒரு டிஸ்க்கைச் சோதனைக்கு விடுகிறேன். பொதுவாக, உச்ச வேகத்தில் பாதியில் தொடங்கிப் பாருங்கள்.

இரண்டு காப்பியும் ஏன் சேர்ந்து போயின என்பதும் விளங்கியது. ஒரே டிரைவ், ஒரே கட்டு, ஒரே வேகம். நான் எடுத்தது ஒரே தவறின் இரண்டு பிரதி. இப்போது ஒன்றை ஒரு டிரைவில், இன்னொன்றை வேறு தயாரிப்பாளர் டிஸ்க்கில் வேறு டிரைவில் எழுதுகிறேன். மூன்றாவது காப்பி ஹார்ட் டிஸ்க்கில். எழுதிய அன்றே ஒரு சோதனை, வருஷத்துக்கு ஒரு தடவை மறு சோதனை. எண்கள் ஏறத் தொடங்கினால், படிக்க முடியும்போதே மாற்றிவிட வேண்டியதுதான்.

பாட்டுகள் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே இமேஜிலிருந்து எழுதியவை என்பது அதிர்ஷ்டமாகப் போனது. பழுது ஒரே பகுதியில் இருந்தாலும் அச்சு அசலாக அதே செக்டர்களில் இல்லை. ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ மென்பொருளால் ஒன்றில் படிக்க முடியாததை மற்றதிலிருந்து எடுத்து நிரப்பினேன். இரண்டு இரவு ஓடியது. கடைசி ஒப்பாரியில் சில நொடி மட்டும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வர வேண்டிய அடி என்ன என்று பெரிய அக்காவைக் கேட்டேன். அவளுக்கும் நினைவில்லை.