போனை மாற்றிக்கொள்ளத் தயாரா?

நெல்லிக்குப்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை ஆலை ஷிப்ட் முடிந்து வருபவர்கள் நிறைய. டிஸ்பிளே மாற்றினால் லாக்கைத் திறந்து டச் பார்த்தாக வேண்டும். பேட்டர்ன் கேட்டால் பலர் சொல்வதில்லை. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு தாங்களே போடுவார்கள். கூட வந்த மனைவி வேறு பக்கம் திரும்பும்வரை ஒருவர் விரலையே வைக்கவில்லை.

இந்தப் பயத்தைக் கையும் களவுமாகப் பிடித்த குறும்படம் 2017இல் பிரதீப் ரங்கநாதன் எடுத்த 'அப்பா லாக்'. காதலிக்கும் இருவருக்குப் பெண்ணின் அப்பா வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: போனை மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல நையாண்டிக்கு இந்த ஒரு வரி போதும். பெரிய வில்லனோ எந்திரனோ தேவைப்படவில்லை, நம் சட்டைப்பையில் இருப்பதே போதுமாக இருந்தது.

அதையே விரித்து 2022 நவம்பரில் 'லவ் டுடே' திரைப்படம் வந்தது. அப்பாவாக சத்யராஜ். 2025இல் இந்தியில் 'லவ்யாபா' ஆனது.

சிரிக்க வைத்த 'லவ் டுடே', ஒரு பெண்ணின் முகத்தை ஒட்டிய போலி ஆபாச வீடியோ வரும் இடத்தில் சிரிப்பை நிறுத்துகிறது. எனக்குப் படத்தின் உயிரே அங்குதான். ஆப் லாக் நம் போனைப் பூட்டும். வெளியே பகிர்ந்த போட்டோவைப் பூட்டாது.

அப்படி ஒரு போலி வீடியோவைக் காட்டி யாராவது மிரட்டினால் பயந்து மெசேஜை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வீட்டில் சொல்லுங்கள், சைபர் கிரைம் உதவி எண் 1930ஐ அழையுங்கள்.