கரி கழுவின கதை

ரெண்டு வாரமா நகத்துக்குள்ள இருக்கிற கறுப்பு போகவே மாட்டேங்குது. குயின்ஸ்லாந்துக்குப் படிக்க வந்து கரி கழுவிக்கிட்டு இருக்கேன், மக்களே!

சங்கதி ஒண்ணும் புதுசில்லை. ஊர்ல விதைநெல் பார்க்க, முட்டை மிதக்கிற அளவுக்குத் தண்ணியில உப்பைக் கரைச்சு நெல்லைக் கொட்டுவாங்களே, அதேதான். சண்டு மேலே வரும், நல்ல விதை அடியில தங்கும். கரியில இது தலைகீழ். நல்ல கரியோட ஒப்படர்த்தி 1.3 சொச்சம், கூட வர்ற கல்லு 2.5 பக்கம். உப்புக்குப் பதிலா மேக்னடைட் பொடியைத் தண்ணியில கலக்கி 1.5க்குக் கொண்டுவந்தா கரி மிதக்கும், கல்லு மூழ்கும். வேலை முடிஞ்சதும் காந்தத்தை வச்சுப் பொடியைத் திரும்ப எடுத்துக்கலாம்.

நானும் சரியா 1.5க்குத்தான் கலக்கினேன். ஆய்வகத்துக் குட்டி சைக்ளோனில் (புயல் இல்லீங்க, கரைசலைச் சுழற்றிப் பிரிக்கிற கூம்பு) விட்டேன். சாம்பல் 10 சதவீதம் வரும்னு பார்த்தா 16! அளவை மூணு தடவை சரிபார்த்தேன். 1.5தான்.

ஆய்வகத்துப் பெரியவர் வந்து கரைசலில் கையை விட்டார். "கஞ்சி மாதிரி இருக்கே, தூளைச் சலிச்சியா?" சலிக்கலை. சோம்பேறித்தனம். அரை மில்லிமீட்டருக்குக் கீழே இருந்த தூளும் களிமண்ணும் கரைசலில் கலந்துடுச்சு. களிமண்ணும் எடைதானே, அதனால அடர்த்தி சரியாக் காட்டுது. ஆனா கரைசல் கெட்டியாகி, சின்னச் சின்னக் கல்லெல்லாம் விலகி இறங்க நேரமில்லாம கரியோடவே வெளியே வந்துடுச்சு. பெரிய துண்டு தப்பிச்சுக்கும்; சின்னதுதான் மாட்டும்.

சலிச்சுட்டா மட்டும் எல்லாம் சரியாயிடுமான்னா, அதுவும் கரியைப் பொறுத்தது. பிரிக்கிற அடர்த்திக்கு மேலே கீழே 0.1க்குள் நிற்கிற சரக்கு எவ்வளவுன்னு பார்ப்பாங்க. 7 சதவீதத்துக்குள் இருந்தா சுலபம். 25ஐத் தாண்டினா தலைவலி. அந்த ரகத்துல சைக்ளோன் கொஞ்சம் தடுமாறினாலும் நல்ல கரி கல்லோட போகும், இல்லே கல்லு கரியோட வரும். இந்தியக் கரியில பெரும்பாலும் இந்தப் பிரச்சினைதான். மண்ணு தனித் துண்டா இல்லாம கரிக்குள்ளேயே இழையோடிக் கிடக்கு. அதை விடுவிக்கணும்னா பொடிக்கணும். பொடிச்சா தூள் கூடும். தூள் கூடினா என் கஞ்சிதான்!

நாளைக்கு மறுபடியும் முதல்லேர்ந்து. சல்லடையை இப்பவே எடுத்து வச்சுட்டேன்.