மண்ணும் ஒரு மின்கம்பி

இலங்கையில் வீதியோர மின்கம்பத்திலிருந்து சாதாரண வீடொன்றுக்கு வருபவை இரண்டு கம்பிகள்தாம்: லைவ், நியூட்ரல். மூன்றாவதான எர்த்தை வீட்டுக்காரர் தம் வளவிலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். செம்பு பூசிய இரும்புக் கோல் ஒன்றை நிலத்தில் அடித்து இறக்கி, அதிலிருந்து பச்சை வயரை உள்ளே கொண்டுபோவார்கள். மட்டக்களப்பின் கல்லடியிலோ ஆரையம்பதியிலோ அந்தக் கோல் இறங்குவது கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணலில். வளவின் பின்புறம் கொட்டில் போட்டு வெல்டிங்கோ தச்சுவேலையோ செய்பவரின் உயிர், அந்த மணல் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்தும் என்பதிலும் தங்கியிருக்கிறது.

பட்டறையில் இரும்பு உடல் கொண்ட ட்ரில் மெஷின் ஒன்று இருக்கிறது. உள்ளே லைவ் வயரின் உறை தேய்ந்து, செம்பு இரும்பில் பட்டுவிட்டது. மின்சாரம் பச்சை வயர் வழியே கோலுக்குப் போய், கோலிலிருந்து மண்ணில் இறங்கி, சில நூறு மீற்றர் தள்ளி நிற்கும் டிரான்ஸ்போமரின் எர்த் வழியாக மேலேறித் தன் சுற்றை முடித்துக்கொள்கிறது. இடைப்பட்ட தூரம் முழுக்க வயர் எதுவும் கிடையாது. வேலிகளுக்கும் கிணறுகளுக்கும் அடியில் மண்தான் வயர். 1838இல் ஜேர்மனியில் கார்ல் ஆகஸ்ட் ஸ்ரைன்ஹைல் தந்திக் கம்பியோடு சோதனைகள் செய்தபோது, திரும்பி வருவதற்கு இரண்டாவது கம்பி தேவையில்லை, பூமியே போதும் என்று கண்டார்.

இது எப்படி முடிகிறது என்பதுதான் எனக்கு இன்னமும் அதிசயம். கடல்நீர்கூட செம்பைவிட ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு மோசமான கடத்தி. காய்ந்த மணல் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு மோசம். ஆனால் வயருக்கு இல்லாத ஒன்று பூமிக்கு இருக்கிறது, அகலம். கோலைச் சுற்றியுள்ள மண்ணை வெங்காயத் தோல்களைப்போல அடுக்கடுக்காக நினைத்துப் பாருங்கள். கோலை ஒட்டிய முதல் அடுக்கு மிகக் குறுகியது, மின்சாரம் நெருக்கியடித்துக்கொண்டுதான் அதைக் கடக்க வேண்டும். அடுத்த அடுக்கு அகலம், அதற்கடுத்தது இன்னும் அகலம். சில மீற்றர் தாண்டிவிட்டால் பாதை ஊர் அளவுக்கு விரிந்து, தடை அநேகமாக ஒன்றுமில்லாமல் போகிறது. 4 அடிக் கோல் ஒன்றின் மொத்தத் தடையில் பத்தில் ஒன்பது பங்கு, அதைச் சுற்றி இரண்டரை மீற்றருக்குள் இருக்கும் மண்ணிலேயே முடிந்துவிடும். டிரான்ஸ்போமர் அடுத்த வீதியில் நின்றாலும் அடுத்த ஊரில் நின்றாலும் மண்ணின் பங்கு பெரிதாக மாறாது.

ஆகவே எல்லாம் அந்த இரண்டரை மீற்றரில் இருக்கிறது. நல்ல நீர் ஊறிய மணலில் அந்தக் கோலின் தடை ஏறத்தாழ 70 ஓம் வரும். அதே மணல் வரண்டு கிடந்தால் 700 ஓமைத் தாண்டும். உவர்நீர் ஊறிய நிலத்தில் 4 ஓமாகவும் குறையலாம். ஒரே கோல், ஒரே ஊர், இவ்வளவு வித்தியாசம்.

மட்டக்களப்பில் இந்த வித்தியாசம் காலத்தோடும் மாறும். மாரியில் வாவி நிரம்பி, முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிடும் அளவுக்கு வெள்ளம் ஏறும்போது வளவு மண் முழுக்க ஈரம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மணல் பொடிப்பொடியாக உதிரும், நீர்மட்டம் கீழே போகும். மாரியில் இறக்கிய கோல் அந்தக் கோடையில் காய்ந்த மணலுக்குள் நின்றுகொண்டிருக்கும். இன்னொரு முரணும் உண்டு. மணலுக்கடியில் மழைநீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பதால்தான் இங்கே குடிக்கக்கூடிய கிணற்றுநீர் கிடைக்கிறது. கிணறு எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவுக்கு எர்த் மோசம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயற்களி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் கோலுக்கு இதமானது. கடலோரமான எழுவான்கரையில் கோலை நீர்மட்டத்துக்குக் கீழே போகும்வரை நீளமாக இறக்குவதே வழி. உவர் எர்த்துக்கு நல்லதென்றாலும் இணைப்புக்கு நஞ்சு. கோலையும் பச்சை வயரையும் சேர்க்கும் கிளாம்பை உப்பு சில வருடங்களில் அரித்துவிடும், வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

இப்போது அந்த ட்ரில் மெஷினுக்குத் திரும்புவோம். 230 வோல்ற்று, 70 ஓம் தடை. போகும் மின்சாரம் 3 அம்பியர் சொச்சம். மின்சாரம் அளவுமீறினால் மட்டும் விழும் 16 அம்பியர் எம்சிபிக்கு அது ஓர் இஸ்திரிப் பெட்டியின் அளவுகூட இல்லை, எம்சிபி விழவே விழாது. மெஷினின் உடல் ஏறக்குறைய முழு வோல்ற்றோடு அப்படியே நிற்கும். மண்ணை எர்த்தாக நம்பும் முறையின் பலவீனம் இதுதான். ட்ரிப் சுவிட்ச் ஆடம்பரம் அல்ல என்பதற்கும் காரணம் இதுவே. அதற்குள்ளே ஒரு வளையம் இருக்கிறது. போகும் லைவும் வரும் நியூட்ரலும் அதனூடாகச் செல்கின்றன. போனது முழுவதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 30 மில்லி அம்பியர் மண்ணுக்குள் தப்பினாலும் வளையத்தில் காந்தம் எழுந்து சுவிட்சைத் தள்ளிவிடும், ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் சார்ள்ஸ் டால்ஸில் தொண்டர்களை வைத்துச் சோதித்தபோது, சராசரி ஆண் ஒருவர் 16 மில்லி அம்பியர் அளவில் பிடித்த கையை விடமுடியாமல் போவதைக் கண்டார். எவ்வளவு சிறிய அளவுகளில் உயிர் ஊசலாடுகிறது என்பதை அது காட்டுகிறது. கோலின் தடை 700 ஓமாக இருந்தாலும் இந்தச் சுவிட்ச் வேலைசெய்யும். வரண்ட மணலையும் அது மன்னித்துவிடும்.

வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் கொட்டிலில் நடக்கும் பெரிய தவறு வேறு. 30 மீற்றருக்கு வயர் வாங்கும்போது காசு மிச்சம் பிடிக்க இரண்டு வயர் மட்டும் இழுத்து, கொட்டிலில் பிளக்கின் எர்த் முனையை நியூட்ரலோடு முடிந்துவிடுகிறார்கள். மெஷின் ஓடும், எவருக்கும் எதுவும் தெரியாது. ஒருநாள் காற்றில் தென்னோலை விழுந்து நியூட்ரல் அறுந்தால், சுவிட்ச் போட்ட ஒவ்வொரு மெஷினின் உடலும் மோட்டரின் சுருள் வழியாக 230 வோல்ற்றைப் பெற்றுவிடும். இதைச் செய்யவே கூடாது. கொட்டிலுக்கு மூன்றாவது வயர் போக வேண்டும். அல்லது கொட்டிலுக்கென்று தனிக் கோலும் தனி ட்ரிப் சுவிட்சும் வேண்டும். ஓரிரண்டு ஓம் தடையைக் குறைக்கும் செலவல்ல இது, ஒரு மனிதர் உயிரோடு வீட்டுக்கு வரும் செலவு.

மழைக்காலத்தில் கொட்டில் ட்ரிப் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி நேரே வயர் கொடுப்பவர்களும் உண்டு. மாரியில் விழும் ட்ரிப், எங்கோ ஓர் இணைப்பில் ஈரம் புகுந்து மின்சாரம் மண்ணுக்குக் கசிகிறது என்று சொல்கிறது. அந்த இணைப்பைத் தேடிப் பிடித்து உலர்த்தி மூடுவதுதான் வேலை.

ட்ரிப் சுவிட்சில் ‘T’ என்று பொறித்த பொத்தான் ஒன்று இருக்கும். உப்புக்காற்றில் உள்ளிருக்கும் பொறி இறுகிவிடாமலிருக்க மாதமொருமுறை அதை அழுத்த வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கிச் சோதிக்கிறது. கோலையோ பச்சை வயரையோ அது தொடுவதேயில்லை. கோல் முழுதாக அரித்துப் போயிருந்தாலும் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழும். கோலைச் சோதிக்கத் தனிக் கருவி உண்டு: தள்ளித்தள்ளி இரண்டு சிறு முளைகளை அடித்து, மண்ணில் மின்சாரம் செலுத்தி, கோலின் தடையை ஓமில் காட்டும். வயரிங் செய்பவரை அந்தக் கருவியோடு வரச்சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம், கச்சான் அடித்து மணல் காய்ந்து கிடக்கும் ஓகஸ்ட்டில்.